தட்டானா, ஊசித்தட்டானா? குமரி மாவட்டத்தில் தும்பி பார்க்கத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரையில் குனிந்து நின்றுகொண்டிருந்தால் யாராவது ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன பாக்குதிய, மீனா?" என்று கேட்பார். தட்டான் பார்க்கிறேன் என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், இத்தனை வருடமாகப் பார்த்ததை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தட்டான், தும்பி, ஊசித்தட்டான் எல்லாம் ஒன்றுதானா?

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த உடம்பும் வேகமான பறப்பும் உள்ளவை தட்டான்கள். குச்சிபோல் மெலிந்து, புல்லுக்கிடையே மெதுவாகப் பறப்பவை ஊசித்தட்டான்கள். இரண்டையும் சேர்த்துத் தும்பி என்கிறோம். நம் மாவட்டத்தில் மலையாளம் கலந்து பேசுகிற மேற்குப் பகுதிகளில் தும்பி என்ற சொல்தான் வாயில் முதலில் வரும். சங்கப் பாட்டில் வரும் தும்பி வேறு. அது பூவில் தேன் எடுக்கும் வண்டு. இது பூவைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பூவுக்கு வரும் பூச்சியைத்தான் பிடித்துத் தின்னும்.

உலகம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 200-க்கு மேல். மலைத்துப்போக வேண்டாம். முதல் வருடத்தில் இருபது வகையை உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதுவே நல்ல தொடக்கம்.

பார்த்தவுடனே தட்டானா ஊசித்தட்டானா என்று எப்படிச் சொல்வது?

உட்காரும்வரை பொறுங்கள். தட்டான் உட்கார்ந்தால் நான்கு இறக்கைகளையும் விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் அவற்றை முதுகுக்கு மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். பத்துக்கு ஒன்பது முறை இது ஒன்றே போதும்.

அப்புறம் கண். தட்டானுக்கு இரண்டு கண்களும் தலை உச்சியில் ஒட்டிக்கொண்டு ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்கும். ஊசித்தட்டானுக்கு ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் மணி கோத்ததுபோல் கண்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இறக்கையை நெருக்கத்தில் பார்க்க முடிந்தால், தட்டானின் பின் இறக்கை அடியில் அகலமாக இருப்பது தெரியும். ஊசித்தட்டானுக்கு முன்னும் பின்னும் ஒரே அச்சு.

விதிவிலக்கே கிடையாதா?

உண்டு. லெஸ்டஸ் என்ற ஊசித்தட்டான்கள் இறக்கையைப் பாதி விரித்தபடி உட்காரும். தட்டான்களில் கிளப்டெயில் எனப்படும் கூட்டத்துக்குக் கண்கள் ஒட்டாமல் விலகியிருக்கும். குளத்துக்குள் நட்டுவைத்த பட்ட கம்பின் உச்சியில், மஞ்சளும் கறுப்புமாக, பெரிய தட்டான் ஒன்று காவல்காரனைப்போல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வால் நுனிக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் இலைபோல் மடல் நீட்டிக்கொண்டிருந்தால் அது இக்டினோகோம்ஃபஸ் ராபாக்ஸ். கண் விலகியிருக்கிறதே என்று அதை ஊசித்தட்டான் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். உடம்பின் பருமனே சொல்லிவிடும்.

சிவப்புத் தட்டான் பார்த்தேன், என்ன வகை?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்வதை முதலிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். நம் ஊர்க் குளங்களில் சிவப்பு என்று சொல்லத்தக்க தட்டான் அரை டஜன் வகையாவது இருக்கிறது. எங்கே உட்கார்ந்தது, எப்படி உட்கார்ந்தது, எந்தெந்தப் பாகம் சிவப்பு, இந்த மூன்றும் தெரியாமல் பதில் கிடைக்காது.

வயல் வரப்பிலோ குளத்துப் புல்லிலோ, தலை, நெஞ்சு, வால் எல்லாம் மிளகாய்ப் பழம்போல் ஒரே இரத்தச் சிவப்பாக, வாலின் முதுகில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது க்ரோகோதெமிஸ் செர்விலியா. கால்களும் செம்மையாக இருக்கும். அதே சிவப்பில் கொஞ்சம் ஊதாவும் ரோஜா நிறமும் கலந்து, இறக்கை நரம்புகள்கூடச் சிவந்து, ஆனால் கால்கள் கறுப்பாக இருந்தால் ட்ரைதெமிஸ் அரோரா. இது நீரோட்டமுள்ள இடத்தையும் விரும்பும், குளத்துக்கும் வரும். நெஞ்சு பழுப்பாக, வால் மட்டும் சிவந்திருந்தால் ஆர்தெட்ரம் கூட்டத்தில் தேட வேண்டும். சாக்கடை ஓரத்தில், தாழப் பறந்து தாழவே உட்காரும் சிறிய தட்டான், இறக்கையில் பாதிக்கு மேல் ஆரஞ்சு வண்ணம் தோய்த்ததுபோல் இருந்தால் பிராகிதெமிஸ் கண்டாமினேட்டா. ஆங்கிலத்தில் இதை 'டிச் ஜுவல்' என்கிறார்கள், சாக்கடை மாணிக்கம். அழுக்குத் தண்ணீரையும் தாங்கும். ஒரு குளத்தில் இது மட்டுமே மிஞ்சியிருந்தால் அந்தக் குளத்துக்கு உடம்பு சரியில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ரப்பர் தோட்டத்து நிழலில், காட்டோரப் புதரில், உடம்போடு இறக்கையும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருந்தால் நியூரோதெமிஸ் ஃபுல்வியா. இறக்கை நுனியில் மட்டும் ஒரு துண்டு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்.

ஒரே இடத்தில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து பறக்கின்றனவே, இரண்டு வகையா?

பெரும்பாலும் ஒரே வகையின் ஆணும் பெண்ணும். மேலே சொன்ன க்ரோகோதெமிஸில் ஆண் சிவப்பு, பெண் மஞ்சள். போதாததற்கு இளம் ஆணும் மஞ்சளாகத்தான் இருக்கும், முதிர முதிரத்தான் சிவக்கும். நீலத் தட்டான்கள் பலவற்றிலும் இதே கதை. இளமையில் மஞ்சளும் கறுப்பும் கலந்த உடம்பின் மேல், வயதானதும் திருநீறு பூசியதுபோல் ஒரு நீலப் பொடி படரும். பிடித்துத் தொட்டால் அந்தப் பொடி விரலில் வந்துவிடும் என்பதால் தொடாமல் பார்ப்பதே நல்லது.

ஆணா பெண்ணா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பக்கவாட்டில் நின்று, வால் நெஞ்சோடு சேரும் இடத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே சிறு புடைப்பு இருந்தால் ஆண். ஆணின் வால் நுனியில் பெண்ணின் கழுத்தைப் பிடிக்கும் இடுக்கியும் இருக்கும். இரண்டும் இணைந்து புல்லில் இதயவடிவில் வளைந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால் விடாதீர்கள். எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டும் படம் அதுதான்.

எங்கே போய்ப் பார்ப்பது? கோதையாறு மலைக்காடு வரைக்கும் போக வேண்டுமா?

வேண்டாம், வீட்டு மதிலிலேயே தொடங்கலாம். வெயில் படும் பழைய மதில், கல் கட்டு, பாறை இவற்றில் சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி தூவிய தட்டான் ஒன்று இறக்கையைச் சுவரோடு அழுத்தி ஒட்டிக்கொண்டிருக்கும். கருங்கல்லின் நிறமும் அதன் நிறமும் அவ்வளவு ஒன்றியிருக்கும். ஒருமுறை என்னோடு வந்த சிறுமி மதிலில் ஒரு சாண் தூரத்தில் இருந்ததை ஐந்து நிமிடம் தேடினாள். அது பறந்த பிறகுதான் "அந்தப் பாசி பறக்குது" என்றாள். பிராடினோபைகா ஜெமினேட்டா என்பது பெயர், 'கிரானைட் கோஸ்ட்' என்றும் சொல்வார்கள். வீட்டுச் சிமெண்ட் தொட்டியில்கூட முட்டையிட்டுப் பெருகும்.

அடுத்து, பள்ளிக்கூட மைதானம், விளை, மண்பாதை. தரையில் உட்கார்ந்து, கிட்டே போனால் இரண்டடி தள்ளிப் போய் மறுபடியும் தரையிலேயே உட்காரும் சிறு நீலத் தட்டான் டிப்ளகோடஸ் ட்ரிவியாலிஸ். பெண் பச்சை கலந்த மஞ்சள்.

பிறகு சானல் கரை, அதாவது பாசனக் கால்வாய்க் கரை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் சானல்கள் நம் ஊர்களுக்குள்ளேயே போகின்றன. கரைப்புல்லில் வெளிர்பச்சையும் கறுப்பும் கலந்து, வால் அடியில் வீங்கி நடுவில் ஒடுங்கிய ஒரு தட்டான் இருக்கும். ஆர்தெட்ரம் சபினா. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் என்பதால் தொடக்கக்காரர்களுக்கு இது வரம். தன் அளவுள்ள இன்னொரு தட்டானையே பிடித்துத் தின்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தலையிலிருந்து தொடங்கி மென்றுகொண்டே போகும், இறக்கைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே விழும்.

நாஞ்சில் நாட்டு வயல்களில் கறுப்பு வெள்ளை இறக்கையோடு வண்ணத்துப்பூச்சிபோல் தத்திப் பறப்பது நியூரோதெமிஸ் டுல்லியாவின் ஆண். இறக்கையின் அடிப்பாதி கறுப்பு, அதை ஒட்டிப் பால் வெள்ளைப் பட்டை, நுனி தெளிவு. நாற்று நட்ட வயலில் நூறு இருந்தாலும் ஆச்சரியமில்லை. இறக்கையில் மஞ்சளும் கறுப்பும் சித்திரம் போட்டதுபோல் இருந்து, உயரத்தில் மிதந்து மிதந்து பறந்தால் ரயோதெமிஸ் வேரிகேட்டா.

குளம் என்று வந்தால் நமக்குப் பஞ்சமே இல்லை. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. எல்லோரும் அங்கே பறவை பார்க்கத்தான் போகிறார்கள். பறவைகள் தூரத்தில் இருக்கும் நேரத்தில் காலடியில் உள்ள தாமரை மொட்டைப் பாருங்கள். நுனியில் ஒரு தட்டான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கும். உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கித் தலைகீழாக நிற்பதுபோல் நிற்கும். வெயில் உடம்பில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி அது.

மலை ஓடைகளில் வேறு வகைகளா?

முற்றிலும் வேறு உலகம். காளிகேசம், கீரிப்பாறைப் பக்கத்து ஓடைகளில் தெளிந்த நீரும் நிழலும் இருக்கும் இடத்தில்தான் ஊசித்தட்டான்களின் அழகு தெரியும். நியூரோபேசிஸ் சைனென்சிஸ் ஆண் கல்லில் இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாக, சாதாரணமாக இருக்கும். ஒரு நொடி இறக்கையைத் திறந்தால் பின் இறக்கை மயில் கழுத்துப் பச்சையாக மின்னி அணையும். முதன்முறை பார்த்தபோது கேமராவைத் தூக்கவே மறந்து நின்றேன். நிழலான புதர்களில் உலோகப் பச்சை உடம்போடு கூட்டமாக உட்கார்ந்திருப்பவை வெஸ்டாலிஸ். நீருக்கு நடுவே பாறையில் கருநீலமாக ஒரு தட்டான் இருந்தால் ட்ரைதெமிஸ் ஃபெஸ்டிவா.

காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். யானை நடமாட்டம் உண்டு. மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

ஊசித்தட்டான்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

வீட்டுத் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் காணும் மஞ்சள் வால்காரனிலிருந்து. நெஞ்சு மங்கிய பச்சை, வால் எலுமிச்சை மஞ்சள், வாலில் எந்தக் குறியும் இல்லை. செரியாக்ரியான் கோரமாண்டலியானம். சோழமண்டலக் கரையின் பெயரே அதில் இருக்கிறது. அடுத்து, புல்லின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சமே நீளமுள்ள அக்ரியோக்னெமிஸ் பிக்மியா. பச்சையும் கறுப்பும், ஆணுக்கு வால் நுனி ஆரஞ்சு. இதைப் பார்க்க மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். வால் நுனிக்குச் சற்று முன்னால் மட்டும் நீல விளக்கு எரிவதுபோல் இருந்தால் இஸ்க்னூரா செனகலென்சிஸ். தோப்பு நிழலில் கால்கள் ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் கோபெரா மார்ஜினிப்பஸ். இதன் இளசுகள் பால் வெள்ளையாக இருக்கும்.

எந்த மாதம், எந்த நேரம்?

நமக்கு இரண்டு மழைக்காலமும் கிடைப்பது இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய கொடை. ஜூனிலிருந்தே தும்பிகள் பெருகத் தொடங்கும். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் நட்டு வயலில் தண்ணீர் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் போனால் கை நிறையக் கிடைக்கும். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நல்ல நேரம். அதற்கு முன் உடம்பு சூடேறாமல் புல்லில் பனியோடு அசையாமல் இருக்கும், படமெடுக்க அது வசதி. அந்தி மங்கும் நேரத்தில் குளத்தின் மேல் வெள்ளைப் பொட்டு மட்டும் மினுங்கி மினுங்கிப் போவதைக் கண்டால் அது தோலிமிஸ் டில்லார்கா. மற்றவை அடங்கிய பிறகு வேட்டைக்கு வருவது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா?

நம் பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. மழைக்கு முன் ஈரக்காற்றில் சிறு பூச்சிகளும் ஈசலும் தாழ்வாகத் திரியும்போது, அவற்றைத் தின்ன வரும் தட்டானும் தாழ இறங்கும். ஆனால் மைதானத்தின் மேல் நூற்றுக்கணக்கில் உட்காராமல் சுற்றும் மஞ்சள் தட்டானுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. பாண்டலா ஃப்ளேவசென்ஸ் எனப்படும் இது மழைத் தண்ணீர் தேங்கிய குட்டைகளில் முட்டையிட்டு, ஒன்றரை இரண்டு மாதத்தில் இளசுகள் பறந்துவிடும் வகை. பருவக்காற்றோடு பயணம் போகும். மாலத்தீவில் வசித்த ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், குடிக்கும் ஆற்றுநீர்கூட இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் இவ்வளவு தட்டான் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-ல் எழுதினார். உள்ளங்கையில் அடங்கும் பூச்சி. குமரிமுனையில் நின்று கடலைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கொட்டுமா, கடிக்குமா?

கொடுக்கே கிடையாது. கையில் பிடித்தால் பெரியது மெல்லக் கடிக்கும், விஷமில்லை. வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைப்பது நம்மில் பலர் சின்ன வயதில் செய்ததுதான். வால் என்று நாம் சொல்வது உண்மையில் அதன் வயிறு. மூச்சு, செரிமானம், முட்டை எல்லாம் அதற்குள். பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொன்னால் போதும், நூலைக் கீழே போட்டுவிடுவார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இரவில் டியூப்லைட்டுக்கு ஊசித்தட்டான் வருகிறதே?

உணர்கொம்பைப் பாருங்கள். தும்பிக்கு அது மயிர்போல் குட்டையாக, கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். நுனி தடித்த நீண்ட கொம்பு இருந்தால் அது குழியானையின் வளர்ந்த பருவம். மணலில் புனல்போல் குழி தோண்டி எறும்பு பிடிக்குமே, அதுதான் இறக்கை முளைத்து விளக்கடிக்கு வருகிறது.

என்ன கருவி வாங்க வேண்டும்?

முதலில் எதுவும் வேண்டாம். போன் கேமரா போதும். தட்டான் பறந்துபோனால் துரத்தாதீர்கள், பல வகைகள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், வந்த இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், முடிந்தால் வால் நுனி தெளிவாக ஒன்று. மேலிருந்து மட்டும் எடுத்த அழகான படத்தைவிட, பக்கவாட்டில் எடுத்த சுமாரான படம் பெயர் கண்டுபிடிக்க உதவும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். செயலி தானாகக் காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல், நம் பகுதியில் அந்த வகை உண்டா என்று பாருங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, இடம், ஓடும் நீரா நிற்கும் நீரா, உட்கார்ந்த விதம் எழுதுங்கள்.

தட்டான் இருந்தால் கொசு குறையுமா?

குளத்திலும் வயலிலும் நிச்சயம் உதவும். தண்ணீருக்குள் வாழும் அதன் குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும், பறக்கும்போது கொசுவைத் தின்னும். ஆனால் டெங்கு கொசு பிறப்பது வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டையிலும் டயரிலும் ரப்பர் பால் வடிக்கும் கிண்ணத்திலும். அவற்றை நாம்தான் கவிழ்த்து வைக்க வேண்டும்.

கார் மேல் வந்து வாலால் தட்டுகிறதே, ஏன்?

தண்ணீர் என்று நினைத்து முட்டையிடுகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் தன்மையை வைத்துத்தான் அது தண்ணீரை அடையாளம் காணும். பளபளக்கும் வண்டியின் கூரையும் அதே மாதிரி ஒளியைத் திருப்புவதால் ஏமாறுகிறது. அந்த முட்டைகள் வெயிலில் காய்ந்துபோகும். குளத்தோரம் நிறுத்தும்போது மர நிழலில் நிறுத்தினால் நல்லது.

கோரைத் தண்டில் காய்ந்த பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போனதா?

இல்லை, கிளம்பிப் போய்விட்டது. தும்பிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. தண்ணீருக்குள் மாதக்கணக்கில், சில வகைகள் வருடக்கணக்கில் வளர்ந்த குஞ்சு, ஓர் இரவில் தண்டைப் பிடித்து மேலே ஏறும். புத்தேரிக் குளக்கரையில் ஒரு விடியற்காலை இதை முழுவதும் பார்த்தேன். முதுகுத் தோல் பிளந்தது. நெஞ்சு பிதுங்கி வந்தது, பிறகு தலை. பின்பக்கமாகச் சாய்ந்து தலைகீழாக வெகுநேரம் தொங்கியது, செத்துவிட்டதோ என்றே நினைத்தேன். திடீரென்று நிமிர்ந்து தன் பழைய ஓட்டையே கால்களால் பற்றி வாலை உருவிக்கொண்டது. இறக்கைகள் நனைந்த காகிதம்போல் கசங்கியிருந்து, மெல்ல மெல்ல விரிந்தன. நிறமே இல்லை, கண்ணாடிப் பளபளப்பு மட்டும். வெயில் வந்து ஒரு மணி நேரம் கழித்து நடுங்கி நடுங்கிப் பறந்தது.

நீங்கள் பார்த்தது அந்த ஓடு. முதுகில் பிளவும், பிளவுக்குள் வெள்ளை நூல்போல் சில இழைகளும் இருக்கும், அவை பழைய மூச்சுக்குழாய்களின் உறை. வெறும் ஓடுதான் என்பதால் எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். முகத்தின் அடியில் மடங்கியிருக்கும் கரண்டி போன்ற உதட்டை ஈர்க்குச்சியால் மெதுவாக நீட்டிப் பாருங்கள். மீன்குஞ்சைப் பாய்ந்து பிடித்தது அதுதான்.